கறுப்புத் துரட்டி

போன வாரம் ஒரு தோப்புக்காரர் எங்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். பேராவூரணிக்குத் தெற்கே ஐந்தாறு ஏக்கர் தென்னை வைத்திருப்பவர். இறங்கியதும் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் ஒரு கறுப்புக் கோல். துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து நீட்டிக்கொள்வது.

"கார்பன் பைபராம். மூங்கில்ல பாதி வெயிட்டுகூட இல்லேங்குறான். தேங்கா வெட்ட வாங்கலாமா? நம்ம பக்கத்துல மொதமொதல்ல கொண்டாந்தது நீங்கதானாமே" என்றார்.

ஆமாம், நான்தான். அந்தப் பெருமை எனக்குத்தான். அவரை உட்கார வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எடை உண்மையிலேயே குறைவு. உயரே போனாலும் அலுமினியம் மாதிரி வளைந்து ஆடாது, குலைக்காம்பில் அரிவாள் சரியாகப் போய் உட்காரும். ஆனால் துண்டுகளை இறுக்கும் பூட்டில் மண் புகுந்தால் மாட்டிக்கொள்ளும். வெட்டிய குலை அதன் மேலேயே விழுந்தால் நெடுக விரிசல் விடும். மூங்கிலென்றால் கம்பி சுற்றி ஒட்டலாம், இதை ஒன்றும் செய்ய முடியாது. விரிசல் விட்ட இடத்தைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத சிராய் கையில் ஏறும். கடைசியாக, கரண்டு லைன் பக்கம் இதைக் கொண்டே போகக்கூடாது, பாயும் என்றேன்.

அவர் சிரித்தார். "பைபர்ல எப்புடிங்க கரண்டு பாயும்?"

"பாயும்ங்க. வேணாம், வாங்காதீங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். தான் மட்டும் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்ற முகத்தோடு அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். உள்ளே கட்டிலில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது அவ்வளவும் அவருக்குக் கேட்டிருக்கும்.

அண்ணன் துரட்டிக்காரர். நீளக் கோலின் நுனியில் அரிவாளைக் கட்டித் தரையில் நின்றபடியே தென்னங்குலையை வெட்டி இறக்குகிற வேலை. முன்பெல்லாம் மரமேறிகள் ஏறி வெட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். தோப்புகளையே சாய்த்த புயலுக்குப் பிறகு மீதிப் பேரும் போனார்கள். தப்பித்து நின்ற மரங்களுக்குத் துரட்டிதான் கதி என்றானது. அண்ணனுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. முதலில் மூங்கில், அப்புறம் அலுமினியக் குழாய். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டுவார். நாற்பத்தைந்து வயதுக்குள் வலது தோள் போய்விட்டது. காலையில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியாது, அண்ணிதான் மாட்டிவிடுவார். தலை வாருவது இடது கையால். கோலை மட்டும் எப்படியோ தூக்கிவிடுவார். அதை விட்டால் வேறு வேலை தெரியாது. என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பி வைத்ததும் அந்தத் தோள்தான், அதை நான் மறந்ததில்லை.

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. எந்தத் தோப்புக்குள் போனாலும் உடனே கோலை எடுக்கமாட்டார். முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று நடப்பார். கரண்டு கம்பி எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பார். கம்பிக்குப் பக்கத்திலிருக்கிற மரம் ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் தென்னோலைக் கீற்று ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போடுவார். அவையெல்லாம் லைன் மரம். முடிச்சுப் போட்ட மரத்தடியில் அவரும் கோல் தூக்கமாட்டார், கூட வந்தவர்களையும் தூக்க விடமாட்டார். மரமேறி யாராவது கிடைத்தால் அவர் ஏறி வெட்டலாம். லைன்மேன் தயவு பண்ணிக் கரண்டை நிறுத்தினால் இவரே வெட்டுவார். இரண்டும் நடக்கவில்லையென்றால் காய் முற்றித் தானாக விழட்டும் என்று விட்டுவிடுவார். தோப்புக்காரர்கள் திட்டுவார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார். கூட வேலை பார்த்த ஒருவர் அலுமினியக் கோலோடு கம்பியில் பட்டு அந்த இடத்திலேயே போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

நான் சிங்கப்பூரில் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரையும் கண்ணாடியையும் கழுவுகிற வேலையில் இருந்தேன். மேல் மாடிகளுக்குக் கயிற்றில் இறக்குகிற தொட்டிலில் தொங்கவேண்டும். கீழ் மாடிகளுக்குத் தரையில் நின்றபடி நீளக் கோலின் நுனியில் பிரஷ்ஷைப் பொருத்தித் தேய்ப்போம். பல வருஷம் அலுமினியக் கோல்தான். ஒருநாள் கம்பெனி கார்பன் கோலைக் கொடுத்தது. கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாவது மாடி வரைக்கும் எட்டுகிற சாமான், கையில் இருக்கிற மாதிரியே இல்லை. அன்று சாயங்காலம் எனக்குத் தோள் வலிக்கவில்லை. அண்ணன் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

ஒன்று சொல்லவேண்டும். அந்த ஊரில் தலைக்கு மேலே கம்பியே கிடையாது. கரண்டு மண்ணுக்குள் போகிறது. அதுவரை ஒன்பது வருஷம் கோல் தூக்கியிருந்தேன், ஒருநாள்கூட கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கவேண்டிய தேவை வரவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. சமாதானம் சொல்லி ஆகிற காரியமும் இல்லை.

லீவுக்கு ஊருக்கு வருவதற்கு முன்னால் அதே மாதிரி ஒரு கோல் வாங்கினேன். எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் சாயங்காலம் அறையில் உட்கார்ந்து அதைப் பழசாக்கினேன். வெளிநாட்டிலிருந்து சாமான் கொண்டுவருகிற எல்லோருக்கும் இது தெரியும். டிவியோ செல்போனோ எதுவானாலும் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவோம், உறையைப் பிரிப்போம், விலைச் சீட்டைக் கிழிப்போம், ஒட்டியிருப்பதையெல்லாம் உரிப்போம். புதுசு என்று தெரிந்தால் கஸ்டம்ஸில் நிறுத்தி வைத்து வரி தீட்டிவிடுவார்கள். அறையில் எட்டுப் பேரும் அதைத்தான் செய்வோம், ஒருவருக்கொருவர் உதவியும் செய்துகொள்வோம். என் கோலில் கம்பெனிப் பெயரை ரப்பரால் தேய்த்து எடுத்தேன். பூந்தொட்டி மண்ணை ஈரமாக்கிப் பூசித் துடைத்தேன். கைப்பிடித் துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. கூட இருந்தவனின் ஹேர் டிரையரை வாங்கிச் சூடு காட்டினேன். முனை கிழியாமல் முழுசாக வந்தது.

அதில் என்ன இருந்தது என்று பார்த்தேனா? பார்த்தேன். கோல் பிடித்த ஒரு ஆள், மேலே ஒரு கம்பி, நடுவே மின்னல் கோடு. கீழே இங்கிலீஷிலும் சீனத்திலும் ஏதோ எழுதியிருந்தது. படித்தேன் என்று சொல்லமுடியாது. ஏணியில் ஒட்டியிருக்கிறான், வாளியில் ஒட்டியிருக்கிறான், இதிலும் ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம் உண்டு. உரித்த ஸ்டிக்கரைக் கீழே போடமாட்டேன், எதிலாவது ஒட்டி வைப்பேன். என் சூட்கேஸ் மூடியின் உள்பக்கம் முழுக்க ஆப்பிள் ஸ்டிக்கரும் விமானக் கம்பெனி ஸ்டிக்கருமாக இருக்கும். அதற்கு நடுவில் இதையும் ஒட்டினேன்.

திருச்சியில் இறங்கியபோது, போர்வையில் சுற்றிய கோல்கட்டைப் பார்த்து அதிகாரி என்னவென்று கேட்டார். "ஜன்னலுக்கு வெளியில துணி காயப்போடுற கம்பு சார், பழசு" என்றேன். அவர் சிரித்துப் போகச் சொன்னார். வெளியே வந்ததும் எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சாமர்த்தியத்தைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பேராவூரணிப் பட்டறையில் நுனிக்கு ஒரு பூண் செய்து அரிவாளை மாட்டினோம். அண்ணன் வீட்டுக் கொல்லையிலேயே கோலை நீட்டிப் பார்த்தார். தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். ஒற்றைக் கையால் தூக்கினார். அண்ணி கொல்லைக்கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்புறம்தான் கேட்டார்.

"தம்பி, இதுல கரண்டு பாயுமா?"

"இது பைபர்ண்ணே. மல்லிப்பட்டினத்துல போட்டெல்லாம் பைபர்லதானே செய்யுறாங்க? அது மாதிரிதான். இரும்பா அலுமினியமா, கரண்டு பாயுறதுக்கு?"

"நல்லாத் தெரியுமாடா?"

"ஒம்போது வருஷமா இதாண்ணே என் வேலை. எனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஊருக்கு வந்திருக்கிற சிங்கப்பூர்க்காரன் தெரியாது என்று சொல்லிவிடுவானா? விமான நிலையத்தில் இறங்கும்போதே எல்லாம் தெரிந்தவனாகத்தானே இறங்குகிறோம்.

இரண்டு வருஷம் அந்தக் கோல் நன்றாக உழைத்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போன் பண்ணும்போதெல்லாம் அண்ணி சொல்வார்: "இப்பல்லாம் அவரே சட்ட போட்டுக்குறாரு தம்பி. தைலம் தேய்க்கவே சொல்றதில்ல." சுற்றுவட்டத் தோப்புக்காரர்கள் கறுப்புத் துரட்டிக்காரர்தான் வேண்டும் என்று தேடி வந்தார்கள். அவர் லைன் மரத்தையும் வெட்டிக்கொடுக்கிறார் என்பதும் ஒரு காரணம். ஓலை முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டிருந்தார். ஒருநாள் வீடியோவில் பேசும்போது போனைக் கூட்டாளியிடம் கொடுத்து, தான் வெட்டுவதை எனக்குக் காட்டச் சொன்னார். கோல் மேலே போகிறது, குலை விழுகிறது. பின்னால் ஆகாயத்தில் மூன்று கம்பி தெளிவாகத் தெரிகிறது. நான் "சூப்பர்ண்ணே" என்றேன்.

மார்கழியில் ஒரு காலை நேரம். பெரிய லைன் போகிற தோப்பு. கம்பிக்கும் தென்னங்கொண்டைக்கும் ஓர் ஆள் உயரம்கூட இடைவெளி இல்லாத மரம். குலை அறுந்து விழுந்த வேகத்தில் கோல் ஒரு பக்கம் சாய்ந்து கம்பியில் பட்டிருக்கிறது. அண்ணன் வெறுங்காலோடு நின்றிருந்தார். கரண்டு ஆளைத் தூக்கி எறிந்ததால் உயிர் பிழைத்தது என்றார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கையில் விரல்கள் கருகி மடங்கினது மடங்கினதுதான், திரும்ப நிமிரவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது வார்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பனி ஈரம் என்றார்கள். நுனியிலிருந்த அரிவாள் வழியாகப் பாய்ந்தது என்றார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். கோல்மேல் யாரும் குறை சொல்லவில்லை, பைபரில் எப்படிப் பாயும்? அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வாங்கிக் குடுத்த புண்ணியத்துலதான் ரெண்டு வருஷம் மனுஷன் வலியில்லாம இருந்தாரு தம்பி" என்று அழுதார். அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

லீவு முடிந்து திரும்பியதும் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவரும் தமிழர்தான், அங்கேயே பிறந்தவர். "கார்பன்ல கரண்டு பாயும், தெரியாது? அதுக்குத்தானே கோல்லயே மஞ்சள் ஸ்டிக்கர் போட்டிருப்பாங்க. நீ பார்த்ததில்லையா?" என்றார். பார்த்ததில்லை என்றேன். அறைக்கு வந்து சூட்கேஸைத் திறந்து, மூடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கிழித்துவிடலாம் என்று நகத்தை வைத்தேன். கிழிக்க முடியவில்லை. கிழித்தால் இன்னொரு தடவை உரித்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். அண்ணனுக்குச் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அண்ணி. தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவதும் அவர்தான், பக்கம் புரட்ட அண்ணனுக்கு விரல் நிமிராது. எனக்கென்று இருந்த ஒரே வேலை ஞாயிற்றுக்கிழமை சவரம். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வாடா சிங்கப்பூரு" என்று கூப்பிடுவார். சோப்பு நுரை பூசி, தாடையை நிமிர்த்தி, கழுத்தில் பிளேடை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு என் கையில் தலையைக் கொடுத்துவிடுவார். வாரத்தில் அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அது அவருக்குச் செய்கிற உதவி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். என்னைத் தேற்றிக்கொள்ளத்தான் செய்துவந்தேன்.

இந்த வருஷம் போகிக்கு முதல்நாள், வேண்டாத சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். அண்ணி அடுப்படியில் இருந்தார். பூட்டு உடைந்த என் சூட்கேஸை நான் வாசலுக்குத் தூக்கிவந்தேன். உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க அங்கேயே திறந்தேன். பின்னால் அண்ணன் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. நான் மூடியை மூடுவதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

ஆப்பிள் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் ஒன்ன இந்தப் பைத்தியம் விடலயா?" அப்புறம் சிரிப்பு நின்றது. அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டாம், சீனமும் வேண்டாம். கோல் பிடித்த ஆளையும் கம்பியையும் மின்னல் கோட்டையும் நெடுநேரம் பார்த்தார். முழங்கையால் மூடியை மெல்லத் தொட்டார்.

"இது அந்தக் கோல்ல ஒட்டியிருந்ததா?"

"ஆமாண்ணே."

"நீதான் உரிச்சியா?"

"ஆமாண்ணே. கஸ்டம்ஸ்ல புடிச்சுருவாங்கன்னு..."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவேண்டும் என்றுதான் நின்றேன். அவர் நிமிர்ந்து அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒங்க அண்ணிக்கு இது தெரிய வேணாம். தாங்கமாட்டா. ஒம்மேல உசுரா இருக்கா."

மறுநாள் விடியலில் சூட்கேஸ் போகித் தீயில் எரிந்தது. எரிகிற பிளாஸ்டிக் நாற்றத்துக்கு அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எதுக்கு தம்பி, நல்ல பொட்டியாத்தானே இருந்துச்சு" என்றார்.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் நாற்காலியைப் போட்டுத் தண்ணீரும் சோப்பும் எடுத்துவைத்துக் காத்திருந்தேன். அண்ணன் வரவில்லை. வாசல் வழியாகக் கிளம்பிக் கடைத்தெரு சலூனுக்குத் தனியாக நடந்துபோயிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். இன்றுவரை அப்படித்தான். என்னிடம் பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார், மழை வருமா என்று கேட்கிறார். கழுத்தை மட்டும் என்னிடம் கொடுப்பதில்லை.

அண்ணிக்குப் புரியவில்லை. "ஒங்க மேல ஏதும் கோவமா தம்பி அவருக்கு?" என்று வாராவாரம் கேட்கிறார். "சலூன்ல நல்லாப் பண்றாங்க அண்ணி" என்று வாராவாரம் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டபோது அந்தப் பதிலைச் சொல்லாமல் எழுந்துவந்து இதை எழுத உட்கார்ந்தேன். அச்சாகி வந்தால், வழக்கம்போல அண்ணிதான் அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுவார்.